கோவையின் (அலுவலகக் கோப்பின்) பெயர் தெரியாமல் விண்ணப்பம் போடாதீர்கள்: வன்னியில் தகவல் அறியும் உரிமைச் சேவை எப்படி?

இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒரு சேவையாகப் பார்த்தால் அரச அலுவலகங்களில் இதைவிட மலிவான ஒன்று கிடையாது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 2017இல் வந்த விதிகளின்படி ஏ4 போட்டோக்கொப்பி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா. முதல் நான்கு பக்கமும் இலவசம். கோவையை அலுவலகத்தில் இருந்தே புரட்டிப் பார்ப்பதென்றால் முதல் ஒரு மணித்தியாலம் சும்மா, அதற்கு மேல் மணித்தியாலத்துக்கு 50 ரூபா. மொத்தத்தில் பெரிய செலவு பதிவுத் தபால்தான்.

இவ்வளவும் இருந்தும், வன்னியின் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் இதைப் பாவித்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் அலுத்துக்கொள்வார்கள். பதில் வருகிறது, பதிலில் ஒன்றுமில்லை. "அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை" என்ற ஒற்றை வரி, கீழே முத்திரை. உத்தியோகத்தர் மறைக்கிறார் என்று உடனே முடிவு கட்டுகிறோம். சில வேளைகளில் அது சரி. ஆனால் பல வேளைகளில் அந்த வரி எழுத்துக்கு எழுத்து உண்மை: நாங்கள் கேட்ட பெயரில் அங்கே கோவை இல்லை. சனம் ஒரு பெயர் சொல்கிறது, கட்சிக்காரர் மேடையில் இன்னொன்று சொல்கிறார், அலுவலகம் மூன்றாவதாக ஒன்றைக் கோவையின் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறது. இந்தச் சேவை கொடுப்பது தாளை. தாள் கிடப்பது மூன்றாவது பெயரின் கீழ்.

அதனால் இந்த மதிப்பீடு சட்டத்தைப் பற்றியது பாதி, சொல்லைப் பற்றியது பாதி.

ஒரே கேள்வி, இரண்டு விதமாக

காணி விசயத்தை எடுப்போம். வழக்கமாக எழுதப்படும் விண்ணப்பம் இப்படித்தான் இருக்கும்:

"எமது கிராமத்தில் இராணுவம் ஆக்கிரமித்துள்ள மக்களின் காணிகளை ஏன் இன்னும் விடுவிக்கவில்லை? எப்போது விடுவிப்பீர்கள்?"

இதில் நியாயம் முழுவதும் இருக்கிறது. பதில் வாங்கும் பிடி ஒன்றுகூட இல்லை. "ஆக்கிரமித்துள்ள" என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெயரில் எந்தப் பிரதேச செயலகமும் கோவை திறக்காது. "ஏன்" என்றால் விளக்கம் கேட்கிறீர்கள். சட்டம் தருவதோ ஏற்கனவே பதிவில் இருக்கும் தகவலை. "எப்போது" என்பது நடக்காத ஒன்றைப் பற்றியது, அதற்குத் தாள் இல்லை. எல்லாவற்றையும்விட மோசமான சொல் "மக்களின்". உறுதிக் காணியா (தனியாரின் சொந்தப் பத்திரம் உள்ளது), அனுமதிப்பத்திரக் காணியா (அரசு பாவிக்க அனுமதித்தது), அளிப்புப் பத்திரமா (அரசு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தது) என்று அது சொல்லவில்லை.

அதே கேள்வியை இப்படி எழுதலாம்:

"மேற்படி கிராம அலுவலர் பிரிவில், 2009.05.19 தொடக்கம் இவ்விண்ணப்பத் திகதி வரை, முப்படையினர், பொலிஸ், சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆகியோரின் பாவனையில் உள்ளதாக உங்கள் காணிக் கிளையின் பதிவுகளில் குறிக்கப்பட்ட காணித் துண்டுகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும்: (அ) பரப்பளவு; (ஆ) தனியார் உறுதிக் காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி, பகிர்ந்தளிக்கப்படாத அரச காணி என்ற வகை; (இ) பாவனைக்கு வழங்கிய கடிதத்தின் இலக்கமும் திகதியும், அப்படியொரு கடிதம் இல்லையெனில் இல்லை என்ற குறிப்பு; (ஈ) மீளக் கையளிக்கப்பட்டிருப்பின் அத்திகதி."

(ஆ)வில்தான் உயிர் இருக்கிறது. வன்னியில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் மூன்று தலைமுறையாக வயல் செய்தவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். சட்டப்படி அது இன்னும் அரச காணி. "தனியார் காணிகள் முழுவதும் விடுவிக்கப்பட்டுவிட்டன" என்று ஓர் அமைச்சர் சொன்னால், அந்த வசனம் பொய்யில்லாமலே இருக்கலாம். அனுமதிப்பத்திரக்காரர் வேலிக்கு வெளியேயும் நிற்கலாம். மேடையில் இரண்டு தரப்பும் "மக்கள் காணி", "அரச காணி" என்று இரண்டே இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கும். வகை வாரியாகக் கேட்டால்தான் நடுவில் விழுந்த துண்டுகள் வெளியே வரும்.

(இ)யும் சின்ன விசயமில்லை. கடிதம் இருந்தால் யார் ஒப்பமிட்டார் என்று தெரியும். கடிதமில்லை என்று எழுத்தில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான், நீதிமன்றத்தில் பெரிய தகவல்.

இன்னொன்று: இதைப் படை முகாமிடம் கேட்க வேண்டாம். அங்கே தகவல் சட்டத்தின் 5ஆம் பிரிவின் தேசிய பாதுகாப்பு விலக்கு தயாராக இருக்கும். அதே விபரம் பிரதேச செயலகக் காணிக் கிளையிலும் மாவட்டச் செயலகத்திலும் சாதாரண நிர்வாகப் பதிவாகக் கிடக்கும். சிவில் கந்தோரில் கேளுங்கள். அங்கேயும் பாதுகாப்பு என்று மறுத்தால் இரண்டு பிரிவுகளை எழுதுங்கள்: வெளிப்படுத்துவதன் பொதுநலன் பாதிப்பைவிடப் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது 5(4), மறுக்கக்கூடிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்கிறது 6ஆம் பிரிவு.

அவர்களுடைய சொல்லை எடுப்பது விட்டுக்கொடுப்பா என்று சங்கக் கூட்டங்களில் கேள்வி வரும். விண்ணப்பத்தில் இல்லை. "உங்கள் பதிவுகளில் 'பாதுகாப்புத் தரப்பினரின் பாவனையிலுள்ள காணி' எனக் குறிக்கப்படும்" என்று மேற்கோள் குறி போட்டு எழுதினால் சொல் யாருடையது என்பது விளங்கும். அறிக்கையில், பதாகையில், செய்தியாளர் சந்திப்பில் உங்கள் சொல்லையே பாவியுங்கள். இரண்டையும் இடம் மாற்றிப் பாவிப்பதால்தான் இரண்டிடத்திலும் தோற்கிறோம்.

சொல்லுக்குள் என்ன எண்ணப்படுகிறது என்று கேளுங்கள்

நடந்ததைப் பெயரிடும் உரிமை யுத்தம் முடிந்த கையோடு அரசிடம் போனது. வன்னியில் நடந்த யுத்தத்துக்கு "மனிதாபிமான நடவடிக்கை" என்று பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே 2011இல் பாதுகாப்பு அமைச்சு அறிக்கையும் வெளியிட்டது. முட்கம்பிக்குள் சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களுக்கு "நலன்புரி", "நிவாரணக் கிராமம்". தலைப்பு இப்படியிருந்தால், அதன் கீழ் வரும் கேள்வியும் "எத்தனை சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தீர்கள்" என்ற அளவில்தான் நிற்கும். யார், எந்தச் சட்டத்தின் கீழ் வெளியே போக விடாமல் தடுத்தது என்ற கேள்விக்கு அந்தக் கோவையில் பக்கமே இருக்காது.

"மீள்குடியேற்றம்" இன்னும் நுட்பமானது. செட்டிகுளத்து மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவின் கேப்பாப்புலவுச் சனமும் அடக்கம். அவர்கள் போனது தங்கள் காணிக்கு அல்ல; காணியில் படைத்தலைமையகம் இருந்தது. பக்கத்தில் காடு வெட்டிய இடத்தில் இறக்கப்பட்டு, அது "மாதிரிக் கிராமம்" ஆயிற்று. முகாம் மூடியாயிற்று, கணக்கும் முடிந்தது. 2017இன் தொடக்கத்தில் அவர்கள் படைமுகாம் வாசலில் இருந்து போராடியபோது, தாளில் ஏற்கனவே குடியேறி முடிந்தவர்களாக இருந்தவர்கள்தான் தெருவில் இருந்தார்கள்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை குடும்பம் மீள்குடியேறியது" அல்ல. அதற்குப் பெரிய இலக்கமொன்று வரும், அமைச்சர் சொன்ன அதே இலக்கம். கேட்க வேண்டியவை: "மீள்குடியேறிய குடும்பம்" எனப் பதிவதற்குப் பின்பற்றிய வரைவிலக்கணம் அடங்கிய சுற்றறிக்கையின் பிரதி, அந்தக் குடும்பங்களில் இடம்பெயர முன் இருந்த அதே காணித் துண்டுக்குத் திரும்பியவை எத்தனை, அதே கிராம அலுவலர் பிரிவுக்குள் வேறு காணியில் இருத்தப்பட்டவை எத்தனை, வேறு பிரிவில் எத்தனை. பெரிய இலக்கம் மூன்றாகப் பிரிந்தால் அதன் பவுசு போய்விடும்.

காணாமல் ஆக்கப்பட்டோர் விசயத்தில் இலக்கணமே அரசியலாகிறது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அமைத்த அலுவலகத்தின் பெயர் "காணாமற்போன ஆட்கள்" பற்றியது. போனவர் தானாகப் போனார். ஆக்கப்பட்டவருக்கு ஆக்கிய ஒருவர் வேண்டும். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் இருந்து பிடித்துக்கொண்டிருப்பது இந்த "ஆக்க" என்ற சொல்லைத்தான். (தகவல் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினேழாம் நாள் அது.) ஆனால் விண்ணப்பம் எழுதுகிறவர் அந்தச் சட்டத்தின் பொருள்கோடல் பிரிவை வாசித்துவிட்டு எழுத வேண்டும். "காணாமற்போன ஆள்" என்ற ஒரே சொல்லுக்குள் வடக்கு கிழக்கு மோதலோடு தொடர்புபட்டுக் காணாமற்போனவர், கடமையில் காணாமற்போன படையினர், அரசியல் குழப்பங்களில் காணாமற்போனவர், சர்வதேச சமவாயத்தின் பொருளில் வலிந்து காணாமலாக்கப்பட்டவர் எல்லாரும் அடக்கம். மொத்தத் தொகை கேட்டால் மொத்தத் தொகைதான் வரும். வரைவிலக்கணத்தின் உபபிரிவு ஒவ்வொன்றுக்கும், மாவட்டம் வாரியாக, எத்தனை முறைப்பாடு என்று கேளுங்கள். அப்படிப் பிரித்துப் பதியவில்லை என்றால், அந்தப் பதிலையே எடுத்துக்கொண்டு 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தனிக் குற்றமாக்கிய ஒன்றை ஏன் தனியாக எண்ணவில்லை என்று பாராளுமன்றத்தில் கேட்பிக்கலாம். "ஏன்" என்ற கேள்விக்கு இடம் அதுதான்.

"தற்காலிக" என்ற சொல்லுக்கு வயது சொல்லவே வேண்டாம். பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று, பெயரில் "தற்காலிக" இன்னும் இருக்கிறது.

அண்மைய உதாரணம் 2025 மார்ச் 28ஆம் திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானி. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரித்துக் கோரும்படி அறிவித்தல் வந்தது. முல்லைத்தீவின் பங்கு மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். உரித்துக் கோரப்படாத காணி அரச காணி. "நிர்ணயம்" என்றால் தீர்த்து வைப்பது போலக் காதில் விழுகிறது. உறுதி தொலைந்தவருக்கும், பதிவேடு எரிந்த இடத்தில் இருப்பவருக்கும், கனடாவில் இருக்கும் மகனுக்கும் மூன்று மாதம் என்பது என்ன என்று சொல் காட்டவில்லை. எதிர்ப்பும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வந்தபின் அரசு அதை மீளப் பெற்றது. இப்படியொன்று மீண்டும் வந்தால், முதல் நாளே நில அளவை வரைபட இலக்கத்தையும் துண்டு இலக்கங்களையும் விண்ணப்பத்தில் கேட்டுவிட வேண்டும். ஏக்கர் கணக்கோடு கத்துவதைவிட எந்த வேலிக்குள் எந்தத் துண்டு என்று தெரிவது பெரிது.

"அவர்களின் நிதியில்" ஒரு கிரவல் றோட்டு

யுத்தச் சொற்களைவிட நாளாந்தம் நட்டம் தருகிறவை அபிவிருத்திச் சொற்கள். சந்தியில் ஒரு பலகை: பாராளுமன்ற உறுப்பினர் இன்னாரின் நிதியொதுக்கீட்டில் வீதி புனரமைப்பு. அந்த ஒதுக்கீடு, அதாவது பன்முகப்படுத்தப்பட்ட நிதி, திறைசேரிப் பணம். உறுப்பினர் செய்வது சிபாரிசு. பலகை அதைத் தானம் ஆக்கிவிடுகிறது. தானம் கொடுத்தவரிடம் யாராவது கணக்குக் கேட்பார்களா? றோட்டு மாரிக்குக் கரைந்தாலும் "இதாவது தந்தாரே" என்று சொல்ல வைப்பதுதான் அந்தச் சொல்லின் வேலை. "பயனாளி" என்ற சொல்லும் இதே குடும்பம்.

"புனரமைப்பு" என்ற சொல்லை அளவாக மாற்றலாம். மாவட்டச் செயலகத் திட்டமிடல் கிளையிடமும் வேலையைச் செய்விக்கும் பிரதேச செயலகம் அல்லது பிரதேச சபையிடமும் நான்கு தாள் கேளுங்கள்: மதிப்பீடு (பி.ஓ.கியூ. எனும் அளவு, விலைப் பட்டியல்), ஒப்பந்தம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டுப் பக்கங்கள், இறுதிக் கொடுப்பனவுப் பட்டியல். கிடைத்ததும் கணக்குப் பாருங்கள். 500 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் இறுக்கிய கிரவல் என்று மதிப்பீட்டில் இருந்தால், 500 × 3 × 0.15 = 225 கனமீற்றர். ஒரு கியூப் என்பது 100 கன அடி, 2.83 கனமீற்றர். ஆகவே இறுக்கிய பிறகு ஏறத்தாழ 80 கியூப் இருக்க வேண்டும். கொட்டும்போது கிரவல் தளர்வாக இருக்கும். கால்வாசி கூடுதலாக வைத்தால் 100 கியூப், 3 கியூப் டிப்பரில் 33 லோட். ஊரில் எத்தனை லோட் வந்தது என்று வீதியோரக் கடைக்காரருக்குத் தெரியும். 15 லோட்தான் வந்ததென்றால் நடந்தது புனரமைப்பு இல்லை, குழி மூடியது. அதற்குப் பெயர் "பராமரிப்பு", விலையும் வேறு. பிறகு பிரதிநிதியின் கட்சி, கொள்கை, கொடி எதுவும் பேச வேண்டியதில்லை, 18 லோட் எங்கே என்று மட்டும் கேட்டால் சரி.

இதில் ஒரு பொறி உண்டு. "வன்னி" என்று நாங்கள் சொல்வதும் தேர்தல் தொகுதி வன்னியும் ஒன்றில்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு. வன்னி உறுப்பினர்களின் ஒதுக்கீடு என்று கேட்டால் பூநகரியும் கண்டாவளையும் வராது. தேர்தல் மாவட்டத்தால் கேட்காமல் பிரதேச செயலாளர் பிரிவால் கேளுங்கள்.

பலகையே இல்லாத திட்டமென்றால் தகவல் சட்டத்தின் 9ஆம் பிரிவு இருக்கிறது: உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட திட்டங்களின் விபரத்தைத் தொடங்க மூன்று மாதம் முன்பே அமைச்சர் தானாக வெளிப்படுத்த வேண்டும். அரசோ வெளிநாட்டு அரசோ கணிசமாக நிதி கொடுக்கும் தொண்டு நிறுவனங்களும், அவை சனத்துக்குச் செய்யும் சேவையைப் பொறுத்தமட்டில், இந்தச் சட்டத்துக்குள் வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும இன்னொரு வகை. அங்கே குடும்பத்துக்கு இடும் வகைப் பெயரே பணம். 2023இல் தொடங்கியபோது "மிகவும் வறிய" குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, "வறிய" என்றால் 8,500, "பாதிக்கப்படக்கூடிய" 5,000, "இடைநிலை" 2,500. 2025 தொடக்கம் முதல் இரண்டும் 17,500, 10,000 ஆயின. ஏன் எங்களை வெட்டினீர்கள் என்று எழுதாமல், என் குடும்பத்துக்கெனப் பதியப்பட்ட 22 குறிகாட்டிகளின் விபரத்தையும் தாருங்கள் என்று எழுதினால், சீமெந்துச் சுவர், மோட்டார் சைக்கிள் என்று எந்தக் கட்டத்தில் பிழையாகச் சரி அடையாளம் விழுந்தது என்று பிடிக்கலாம். தன்னைப் பற்றிய தகவலுக்குத் தனிநபர் தகவல் என்ற மறுப்புச் செல்லாது.

விண்ணப்பம் முதல் மேன்முறையீடு வரை

தகவல் கோரும் ஆர்.டி.ஐ. 01 படிவம் வசதி. கட்டாயம் இல்லை, வெள்ளைத் தாள் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க அவருக்கு உரிமையில்லை. தனியாளாகப் பெயர் கொடுக்கத் தயங்குகிற இடங்களில் (வன்னியில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை) கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ விண்ணப்பிக்கலாம். உறுப்பினரில் முக்கால் பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் சட்டம் சங்கத்தையும் பிரஜையாகவே எடுக்கிறது. தகவல் அலுவலரை நியமிக்கவில்லை என்று சொல்லும் அலுவலகத்தில் அதன் தலைவரே தகவல் அலுவலர்.

காலக்கெடுவில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும். போயாவும் வார இறுதியும் கழித்தால் ஏறத்தாழ மூன்று கிழமை. தேவையென்றால் மேலும் 21 நாள் வரை நீட்டலாம், ஆனால் காரணம் எழுதி அறிவித்துத்தான். உயிரோ தனிநபர் சுதந்திரமோ சம்பந்தப்பட்டால் 48 மணித்தியாலம். பதிலில்லை என்பதும் மேன்முறையீட்டுக்குக் காரணமே. இன்னும் வரும் என்று இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருக்காமல், 14 நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போடுங்கள். அவருக்கு மூன்று கிழமை. அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அங்கே நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்தின் தலையில். உங்கள் தலையில் இல்லை. குறை என்னவென்றால் தூரம்: வவுனியாவிலிருந்தே 250 கிலோமீற்றருக்கு மேல், கொக்கிளாயிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலியும் இரவு பஸ்ஸும்.

மொழிக்கும் ஒரு வார்த்தை. கொழும்புத் தலைமையகத் திணைக்களங்கள் சிங்களத்தில் கடிதம் அனுப்பினால், அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தைக் குறிப்பிட்டுத் தமிழில் பதில் கேளுங்கள். இணைத்த ஆவணம் மூலமொழியில்தான் வரும். அதில் மணலாறு என்று தேடினால் கிடைக்காது, 1988இலிருந்து வெலிஓயா. இடப்பெயரைக் கேட்கும்போது இரண்டையும் எழுதிவிடுவது நல்லது.

எங்கள் பக்கத்துச் சொற்கள்

அரசை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையில்லை. பிரதேச சபை அமர்வில் ஒருவர் கழிவகற்றும் பவுசருக்குப் போன மாதம் எவ்வளவு டீசல் அடித்தது என்று கேட்டால், மறுபக்கத்திலிருந்து "ஒட்டுக்குழு", "துரோகி", "அரசின் அடிவருடி" என்று ஒன்று வரும்; இவர் திருப்பி ஒன்று சொல்வார்; கூட்டறிக்கையில் "காரசாரமான விவாதம் இடம்பெற்றது" என்று பதியப்படும். டீசல் தப்பிவிடும். தெற்கில் "புலி", "பயங்கரவாதி" செய்கிற வேலையை இங்கே "துரோகி" செய்கிறது: கேள்வியை விட்டுக் கேட்டவரைப் பிடிப்பது.

பிரதேச சபையும் இந்தச் சட்டத்துக்குள்தான். அந்த வாகனத்தின் மூன்று மாத ரன்னிங் சார்ட்டும் (ஓட்டப் பதிவு) எரிபொருள் கொள்வனவுப் பட்டியலும் கேளுங்கள். கிலோமீற்றரை லீற்றரால் பிரித்தால் கிடைக்கிற இலக்கத்துக்குத் தேசியமும் தெரியாது, துரோகமும் தெரியாது.

புள்ளி

எழுத்திலுள்ள சட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை. பிரதேச செயலகங்களுக்கும் சபைகளுக்கும் மூன்றரை. கேள்வி ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் தாள் வரும். கொழும்பிலிருந்து இயங்கும் திணைக்களங்கள் இரண்டு. பாதுகாப்புத் தரப்பு ஒன்று, அதுவும் கடிதம் கிடைத்ததை ஒத்துக்கொள்வதற்கு. ஆணைக்குழுவுக்கு மூன்றரை: தரம் உண்டு, வேகம் இல்லை. விண்ணப்பிக்கிற எங்களுக்கு இரண்டரைக்கு மேல் போட மனம் வரவில்லை. ஒரே தாளில் பன்னிரண்டு விசயத்தைக் கேட்டு, முடிவில் "நீதி வேண்டும்" என்று எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

அவசரமான ஒன்று. தகவல் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, அது நடைமுறைக்கு வந்தபோது ஏற்கனவே இருந்த பதிவுகளை அலுவலகங்கள் பத்து வருடமாவது வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து வருடம் 2027 பெப்ரவரி 3இல் முடிகிறது. 2009 முதல் 2012 வரையான மீள்குடியேற்றப் பதிவேடுகள், முகாம் விடுவிப்புப் பட்டியல்கள், காணிக் கையளிப்புக் கடிதங்கள் எல்லாம் இந்த வகைக்குள்தான். விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும் பதிவை அழிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே கிராம அலுவலர் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம், அந்தத் திகதிக்கு முன், பதிவுத் தபாலில். தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்காமல் விண்ணப்பப் பிரதியின் முதுகிலேயே ஒட்டி வையுங்கள்.